ஆறு காட்டிய ஆறு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு நதி என்றும் பொருளுண்டு. வழி என்றும் பொருளுண்டு. வழிகாட்டுதலையே இலக்கிய வகையாக வளர்த்த மொழி தமிழ். பத்துப்பாட்டு நூல்களுள் ஐந்து ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வழி சொல்லும் அமைப்புடையன. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நெய்தலும் முல்லையும் மருதமுமாக நிலம் மாற, வழியில் கிடைக்கும் உணவும் மாறுகிறது. மலைபடுகடாம் இன்னும் ஒருபடி மேலே சென்று, உருளும் கற்கள், பாம்புகள், வழுக்கும் இடங்கள் என வழியின் இடர்களையும் எடுத்துச் சொல்கிறது. ஆகவே, பயணத்தைத் திட்டமிடுதல் என்பது இலக்கிய அவைக்குப் புறம்பான பொருளன்று.

இன்று உலகெங்கும் பயணம் செய்வோர் பலரிடம் ஒரே வகையான ஆசையைக் காணலாம். ஒரே விடுமுறையில் பழமை வாய்ந்த நகரங்களைப் பார்க்க வேண்டும். திராட்சைத் தோட்டங்களும் மது வடிக்கும் ஊர்களும் நிறைந்த மலைநாட்டில் சில நாள் தங்க வேண்டும். முடிவில் கடற்கரையில் இளைப்பாற வேண்டும். இம்மூன்றையும் ஒரு சிறு நாட்டுக்குள் தருவது போர்ச்சுகல். அந்நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மூன்று ஆசைகளை ஒரு பயணமாக ஆக்குவது எப்படி என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

பட்டியலும் திட்டமும்

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் அவர் துணைவியாரும் இப்பயணத்துக்கு ஆயத்தமாகிறார்கள் எனக் கொள்வோர்க்குச் சிக்கல் எளிதில் விளங்கும். இருவரும் 65 வயதைக் கடந்தவர்கள். வெளிநாட்டில் பணிபுரியும் மகன் 14 இரவுகளுக்குப் பொருளுதவி செய்கிறான். இத்தகைய வாய்ப்பு அவர்கள் வாழ்வில் இன்னொரு முறை வருவது அரிது. மகன் அன்பின் மிகுதியால் பத்து ஊர்களை எழுதி அனுப்புகிறான்: லிஸ்பன், சிந்த்ரா, எவோரா, ஒபிதோஸ், நசரே, கொயிம்பிரா, அவேய்ரோ, போர்ட்டோ, டோரு பள்ளத்தாக்கு, தென்கோடி அல்கார்வே கடற்கரை. ஆசிரியர் பட்டியலைப் படித்து மகிழ்கிறார். துணைவியாரோ, “ஏங்க, இத்தனை ஊருக்கும் பெட்டியைத் தூக்கிக்கிட்டே போகணுமா? கடலை எப்போ உட்கார்ந்து பார்க்கிறது?” என ஒரு கேள்வி கேட்கிறார்.

அக்கேள்வியில்தான் திட்டம் தொடங்குகிறது. மகன் அனுப்பியது பட்டியல், அது திட்டமாகவில்லை. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டி, அறையை ஒப்படைத்து, வண்டி ஏறி, இறங்கி, புதிய அறையைக் கண்டடைவதற்குள் அரைநாள் கழிந்துவிடும். 14 இரவுகளில் பத்து ஊர்கள் என்றால் ஏறத்தாழ ஐந்து பகற்பொழுதுகள் பெட்டியோடு போய்விடும். முதுமையில் அவ்விழப்பு இருமடங்காகத் தோன்றும்.

தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் மரம், விலங்கு, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். பயண நிறுவனங்கள் விற்கும் திட்டங்கள் பெரும்பாலும் கருப்பொருளின் பட்டியல்களே: இன்ன கோயில், இன்ன மாளிகை, இன்ன பண்டம். நிலத்தையும் பொழுதையும் முதலில் முடிவு செய்யாமல் கருப்பொருளை அடுக்கினால், பாட்டு பாட்டாவதில்லை, பயணமும் பயணமாவதில்லை.

பொழுது

முதலில் பொழுது. மூன்று நிலங்களுக்கும் பொதுவாக நன்மை தரும் காலம் எது? டோரு பள்ளத்தாக்கு மலைகளால் சூழப்பட்டது. கோடையில் அங்கு வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. குளிர்காலத்தில் அட்லாண்டிக் கரை மழையும் பேரலையுமாக இருக்கும். திராட்சை அறுவடை செப்டம்பர் முதல் அக்டோபர் முற்பகுதி வரை நடைபெறும். கடல்நீரும் கோடை முழுதும் மெல்லச் சூடேறி அக்காலத்தில்தான் ஓரளவு இதமாகிறது. எனினும் வடகரைக் கடல் தமிழகத்துக் கடலை அறிந்தவர்க்கு அப்போதும் குளிர்நீரே. ஆகவே செப்டம்பரின் பிற்பாதி மூன்றுக்கும் பொருந்தும் பொழுது. இம்முடிவைச் செய்வது திராட்சைக் கொடியே. பயணி அதற்குக் கட்டுப்படுபவர் மட்டுமே.

பொழுது முடிவானதும் ஏடுகளைத் தொடங்க வேண்டும். போர்ச்சுகல் ஷெங்கன் நாடுகளுள் ஒன்று. இந்தியக் குடிமக்கள் முன்கூட்டியே நுழைவிசைவு பெற வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து அளிக்கலாம். 15 நாள்களுக்கு முன்னரேனும் அளித்துவிட வேண்டும். தங்குமிடச் சான்றும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்கப்படும். ஊர்களின் வரிசை முடிவாகாமல் தங்குமிடச் சான்று இல்லை; சான்று இல்லாமல் நுழைவிசைவு இல்லை. எனவே, ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருப்பது இவர்களுக்கு இயலாது.

நிலத்தின் தொடர்

அடுத்து நிலம். நகரம், மலை, கடல் ஆகிய மூன்றையும் கோக்கும் நூல் ஒன்று வேண்டும். அந்நூல் டோரு ஆறே. ஸ்பெயினில் தோன்றி, போர்ச்சுகலின் வடபகுதி மலைகளைக் குடைந்துவந்து, போர்ட்டோ நகரின் அருகே அட்லாண்டிக் கடலில் கலக்கும் ஆறு அது. மலைச்சரிவில் விளைந்த திராட்சையின் மது, பீப்பாய்களில் அடைக்கப்பட்டு, ‘ரபேலோ’ என்னும் தட்டையான அடிப்பாகமுடைய படகுகளில் ஆற்றின்வழி இறங்கி, போர்ட்டோவின் எதிர்க்கரையான வில்லா நோவா டி காயாவின் கிடங்குகளில் முதிர்ந்து, பின் கப்பலேறிக் கடல் கடந்தது. மது சென்ற வழியே பயணியும் சென்றால், மலையும் நகரமும் கடலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே வந்து சேரும். ஒட்டிவைத்த மூன்று துண்டுகளாக இல்லாமல், காரணகாரியத் தொடர்புடைய ஒரே பாட்டாகப் பயணம் அமையும்.

அவ்வழியில் தலைநகர் லிஸ்பன் எங்கே பொருந்தும்? அதற்கு வரலாறு விடை தருகிறது. 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், புனிதர் அனைவரின் திருநாளன்று காலையில், லிஸ்பனைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. கோயில்களில் ஏற்றியிருந்த மெழுகுவத்திகளும் வீட்டு அடுப்புகளும் தீயைப் பரப்பின. பின்வாங்கிய கடல் பேரலையாக மீண்டது. பல்லாயிரவர் மாண்டனர். அழிந்த நகரை மீண்டும் எழுப்பிய அமைச்சர், பின்னாளில் போம்பால் பிரபு எனப்பட்டவர். அவரே அடுத்த ஆண்டில், 1756இல், டோரு மலைநாட்டு மது வாணிகத்துக்கென ஒரு கம்பெனியை நிறுவி, நல்ல மது விளையும் நிலத்தின் எல்லையை வரையறுத்தார். 1772இல் கொயிம்பிராப் பல்கலைக்கழகத்தைச் சீர்திருத்தியவரும் அவரே. லிஸ்பன், கொயிம்பிரா, டோரு ஆகிய மூன்றும் ஒரே கையின் சுவட்டைத் தாங்கி நிற்கின்றன. ஆக, லிஸ்பனில் இறங்கி வடக்கே சென்று, ஆற்றின் மேற்புறம் ஏறி, ஆற்றோடு இறங்கி, போர்ட்டோவிலிருந்து விமானம் ஏறுவதே வழி. வந்த வழியே திரும்பிவரும் வீண்நாளும் இதனால் மிஞ்சும்.

இரவுகளின் பகிர்வு இது: லிஸ்பன் 4, கொயிம்பிரா 2, டோருக் கரையின் பின்யாவ் 3, போர்ட்டோ 3, கடற்கரை 2. மொத்தம் 14. ஊர்கள் ஐந்து. இடைப்பட்ட போக்குவரத்து முழுவதையும் இருப்பூர்தியே தரும். 65 வயது நிறைந்தோர்க்கு அந்நாட்டு இருப்பூர்திகளில் அரைக்கட்டணச் சலுகையும் உண்டு. வயதைக் காட்டும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

லிஸ்பன்: எழுதியவன் மறைந்த வழிநூல்

லிஸ்பனுக்கு வழிகாட்டும் நூலொன்றை அந்நகரின் பெருங்கவிஞரே எழுதியிருக்கிறார். ஃபெர்னாந்தோ பெசோவா இளமையைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கழித்து, 1905இல் 17 வயதில் லிஸ்பன் திரும்பியவர். அதன்பின் 1935இல் இறக்கும் வரை அந்நகரை விட்டு அவர் அரிதாகவே வெளியேறினார். பல பெயர்களில், பல ஆளுமைகளாகக் கவிதை எழுதிய அவர், 1925ஆம் ஆண்டை ஒட்டி லிஸ்பனுக்கு வரும் அயலார்க்கென ஆங்கிலத்தில் ஒரு வழிநூல் எழுதினார். அது அவர் விட்டுச்சென்ற தாள்களிடையே கிடந்து 1992இல்தான் அச்சேறியது. கடல்வழியே வரும் பயணியின் கண்ணுக்கு நகரம் தோன்றுவதில் தொடங்கும் அந்நூலில், கவிஞர் பெசோவாவைத் தேடுவோர் ஏமாறுவர். வழி சொல்பவர் தம்மை மறைத்துக்கொண்டு வழியை மட்டும் காட்டுகிறார். போர்ச்சுகலின் மற்றொரு பேரெழுத்தாளரான ஜோசே சரமாகோ, 1981இல் வெளியிட்ட தம் போர்ச்சுகல் பயணநூலில் தம்மைப் ‘பயணி’ என்று படர்க்கையிலேயே குறிப்பிட்டதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

நான்கு இரவுகளில் முதல் நாள் ஓய்வுக்கு. இரண்டாம் நாள் கீழ்நகரான பாய்ஷாவுக்கும் அதன் மேலுள்ள கார்மோ மடத்துக்கும். 1755இல் கூரை இழந்த அம்மடத்தின் கோயில் இன்றும் வானத்தையே கூரையாகக் கொண்டு நிற்கிறது. அதன் கீழே, நேர்கோடுகளாக வகுக்கப்பட்ட தெருக்களின் கட்டடச் சுவர்களுக்குள், நில அதிர்வைத் தாங்கும்பொருட்டு மரச்சட்டக் கூடுகள் மறைத்துவைக்கப்பட்டன. இடிந்ததை இடிந்தபடியே காட்டும் இடமும், இடியாதிருக்கக் கட்டப்பட்ட இடமும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன.

மூன்றாம் நாள் பெலேம். ஆசிரியர் இப்பயணத்துக்கு இசைந்ததே இந்த ஒரு நாளுக்காக எனலாம். 1497இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் புறப்பட்ட இடம் பெலேம். அங்குள்ள ஜெரோனிமோஸ் மடத்தில் காமாவுக்கும், அவர் பயணத்தை 1572இல் காப்பியமாக வெளியிட்ட கமோயன்ஸுக்கும் நினைவுக் கல்லறைகள் உள்ளன. பெசோவாவின் எச்சங்களும் 1985இல் அம்மடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அம்மடத்தின் நீண்ட கட்டடத்தின் ஒரு பகுதியில்தான் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் உள்ளது. தமிழின் முதல் அச்சு நூலெனத்தக்க ‘கார்த்தில்யா’வின் அறியப்பட்ட ஒரே படி அந்த அருங்காட்சியகத்துக்குரியது.

1554இல் லிஸ்பனில் அச்சான அச்சிறு நூல், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் தந்து, போர்த்துக்கீசிய மொழிபெயர்ப்பையும் உடன் தருகிறது. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவந்தது 1578இல். அதற்கு 24 ஆண்டுகள் முந்தியது இது. இதனை உருவாக்கியவர்கள் லிஸ்பனில் இருந்த தமிழர் மூவர். வின்சென்ட் டி நாசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தாமஸ் ட குரூஸ் என்னும் போர்த்துக்கீசியப் பெயர்களாலேயே அவர்கள் இன்று அறியப்படுகின்றனர். பிறந்த ஊரில் தாயும் தந்தையும் எப்பெயரிட்டு அழைத்தனரோ, அப்பெயர் வரலாற்றுக்கு எட்டவில்லை. இந்நூலின் சிறப்பைத் தமிழுலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் சேவியர் தனிநாயக அடிகள். ‘ஒன்றே உலகம்’ எழுதிய அவர்க்குப் பயணமும் ஆராய்ச்சியும் வேறுவேறல்ல. சென்ற இடமெல்லாம் தமிழின் சுவடு தேடியவர் அவர்.

ஆனால் இங்கே ஓர் இடர் உண்டு. ஆற்றுப்படை மரபு அதனை மறைக்காது. அந்த அருங்காட்சியகம் சீரமைப்புப் பணிக்காக 2022இல் மூடப்பட்டது. திறந்திருக்கும் காலத்திலும், இத்தகைய அரிய படி பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. எனவே பல மாதங்களுக்கு முன்பே அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டறிய வேண்டும். விடை ‘இயலாது’ என வந்தால், பெலேம் நாளைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடலாமா? கூடாது. அச்சுவருக்கு வெளியே நின்று, இருபுறமும் பார்க்கலாம். ஒருபுறம் கப்பல்கள் புறப்பட்ட தேஜோ ஆற்றின் முகத்துவாரம். மறுபுறம், அக்கப்பல்கள் எட்டிய கரையின் மொழியைத் தாங்கிய ஏட்டுக்கு உரிய கட்டடம். கமோயன்ஸ் பாடியது போனவர்களின் கதை. முத்துக்குளித்துறையோடு போர்த்துக்கீசியர் கொண்ட உறவின் விளைவாக இங்கு வந்து சேர்ந்தவர்களின் கதையோ சில பக்க அச்சேட்டில் அடங்கியிருக்கிறது. தமிழாசிரியர் ஒருவர்க்கு அந்நாள் வெறுநாள் ஆகாது.

கொயிம்பிரா: மன்னன் எழுதிய அகப்பாட்டு

லிஸ்பனிலிருந்து இருப்பூர்தியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கொயிம்பிரா. விரைவு வண்டிகள் நிற்பது கொயிம்பிரா-பி நிலையத்தில். நகரின் நடுப்பகுதி அங்கிருந்து சற்றுத் தொலைவு. பல்கலைக்கழகம் குன்றின் மேல் உள்ளது. முழங்கால் வலியுடையோர் வாடகை வண்டியில் மேலே சென்று, மெல்ல நடந்து இறங்குவதே அறிவு. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட ஜொவானினா நூலகத்தில் புத்தகப் பூச்சிகளை உண்ண வௌவால்கள் வாழ்கின்றன. அவற்றின் எச்சம் விழாதபடி இரவில் மேசைகள் தோலால் மூடப்படுகின்றன. நூலகத்துக்குள் குறித்த நேரத்தில் குழுக்குழுவாகவே விடுவர். ஆதலால் சீட்டை முன்பே பெற வேண்டும்.

அப்பல்கலைக்கழகத்தை 1290இல் முதலில் லிஸ்பனில் தோற்றுவித்தவர் மன்னர் தினிஸ். அது கொயிம்பிராவில் நிலைபெற்றது 1537இல். தினிஸ் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் இயற்றிய கவிஞர். அக்காலத்துக் கலிசிய–போர்த்துக்கீசிய மரபில் ‘காந்திகா தெ அமிகோ’ என்றொரு வகை உண்டு. ஆண் புலவர்கள் பெண்ணின் குரலில் பாடுவது அது. பிரிந்து சென்ற காதலனைப் பற்றி அவள் தாயிடமும், தோழியரிடமும், மரங்களிடமும், கடலலைகளிடமும் பேசுவாள். தலைவி கூற்றையும் தோழியையும் அறிந்த தமிழ் வாசகர்க்கு இதைவிட நெருக்கமான செய்தி அந்நாட்டில் வேறில்லை. இரு மரபுகளுக்கும் தொடர்பு இருந்ததாகக் கூற இடமில்லை. தொடர்பின்றியே இரு கரைகளில் ஒரே குரல் எழுந்தது என்பதே வியப்பு. இரண்டாம் நாள் மாலையில் மொந்தேகோ ஆற்றங்கரையில் அமர்ந்து இதனைப் பேச நேரம் வேண்டும். கொயிம்பிராவுக்கு இரண்டு இரவுகள் ஒதுக்கியது அதற்கே.

டோரு: குடியாதார்க்கு மதுநாட்டில் என்ன பணி?

கொயிம்பிராவிலிருந்து போர்ட்டோவின் கம்பான்யா நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து டோரு வழி வண்டியில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் சென்றால் பின்யாவ். ஏறும்போது வண்டியின் வலப்புறத்தில் அமர வேண்டும். ஆறு அப்புறத்தில்தான் வரும். வழியின் பிற்பாதியில் தண்டவாளம் நீரை ஒட்டியே செல்லும். பின்யாவ் நிலையத்தின் சுவர்களில் அறுவடையையும் ஆற்றையும் காட்டும் நீலநிற ஓட்டுச் சித்திரங்கள் உள்ளன.

ஆசிரியரும் துணைவியாரும் மது அருந்தாதவர்கள். மூன்று இரவுகள் அங்கே எதற்கு என்னும் ஐயம் எழுவது இயல்பு. மதுநாடு என்பது மதுக்கடை அன்று. அது மலையில் செய்யப்பட்ட உழவு. ஏடேடாகப் பிளவுபடும் பாறையை உடைத்து, அவ்வுடைந்த கல்லாலேயே சுவரெழுப்பி, படிப்படியாக நிலம் சமைத்துக் கொடி நட்டிருக்கிறார்கள். அப்படிக்கட்டுகளை மாளிகைகளின் உரிமையாளர் கட்டவில்லை. எல்லை தாண்டி வந்த கலிசியக் கூலியாட்களும் உள்ளூர் உழைப்பாளரும் கட்டினர். 1756இல் வகுத்த எல்லையைக் காட்ட நடப்பட்ட கருங்கற்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை. கம்பெனியின் தனியுரிமையை எதிர்த்து 1757இல் போர்ட்டோ மக்கள் கிளர்ந்தபோது, பலர் தூக்கிலிடப்பட்டனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ‘ஃபிலாக்செரா’ என்னும் பூச்சி வேர்களை அரித்தது. அன்று கைவிடப்பட்ட படிக்கட்டுகள் சில, இன்றும் புதர்மண்டிக் கிடக்கின்றன. யுனெஸ்கோ 2001இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த அழகு, இவ்வளவும் சேர்ந்த அழகே.

செப்டம்பர் இறுதியில் சென்றால் அறுவடையைக் காணலாம். சில தோட்டங்களில் கல்தொட்டிகளில் திராட்சையைக் காலால் மிதிக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. புளித்துவரும் சாற்றில் வடிசாராயத்தைச் சேர்த்துப் புளிப்பேறுவதை நிறுத்துவதால்தான் அம்மது இனிக்கிறது என்னும் தொழில்நுட்பத்தை அருந்தாமலேயே அறியலாம். திராட்சைக் கனியும், ஒலிவ எண்ணெயும், பாதாமும் உண்டு. ரேகுவா நகரில் டோரு அருங்காட்சியகம் உண்டு.

இம்மண்ணுக்கு ஒரு கவிஞரும் உண்டு. மிகெல் தோர்கா 1907இல் இம்மலைநாட்டில் பிறந்தவர். ‘தோர்கா’ என்பது மலைப்புதர்ச் செடி ஒன்றின் பெயர். அதனைத் தம் புனைபெயராக்கிக்கொண்டார். கொயிம்பிராவில் மருத்துவராகப் பணிபுரிந்தவாறே எழுதியவர், 1995இல் மறைந்தார். அறுவடைக் கூலிகளின் வாழ்வை வைத்து 1945இல் ‘விந்திமா’ என்னும் புதினத்தை வெளியிட்டார். மலையுச்சியிலிருந்து பார்ப்பவர்க்குத் தோட்டம் ஓவியம். கூடை சுமப்பவர்க்கு அது முதுகுவலி. இரண்டையும் அறிந்தவர் அவர்.

திட்டமிடுவோர் மறக்கக் கூடாத செய்தி ஒன்றும் இவ்வாற்றில் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் டோருவின் விரிவான வரைபடத்தை வரைந்தவர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர் என்னும் மது வணிகர். ஒவ்வொரு பாறையையும் நீர்ச்சுழியையும் அறிந்த அவர், 1861இல் வலேய்ரா என்னுமிடத்தில் படகு கவிழ்ந்து அதே ஆற்றில் மூழ்கினார். உடல் கிடைக்கவில்லை. 1970, 80களில் எழுந்த அணைகள் இன்று அவ்வாற்றை அமைதிப்படுத்திவிட்டன. படகில் அச்சமின்றிச் செல்லலாம். ஆயினும் வரைபடம் ஆறாகிவிடாது. மூன்று நாள்களுள் ஒரு நாளை எழுதாமல் விட வேண்டும். வண்டி தவறலாம், மழை வரலாம், மூட்டுவலி மிகலாம். வெற்றுநாள் இருந்தால் அவை இடையூறுகளாக நின்றுவிடும். இல்லையெனில் பயணத்தையே குலைத்துவிடும்.

போர்ட்டோவும் கடலும்

ஆற்றோடு இறங்கினால் போர்ட்டோ. சாவோ பெந்தோ நிலையத்தின் முன்மண்டபத்தில் ஜோர்ஜே கொலாசோ வரைந்த ஏறத்தாழ 20,000 ஓடுகள் நாட்டின் வரலாற்றைச் சித்திரிக்கின்றன. இரும்புப் பாலத்தைக் கடந்தால் காயாவின் கிடங்குகள். மலையில் கண்ட கனி இங்கே இருண்ட பீப்பாய்களுள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது. பழைய ரபேலோப் படகுகள் இன்று காட்சிக்காகவே கரையில் கட்டப்பட்டுள்ளன. மூன்றாம் நாள் மாலை, ஆற்றோரமாகவே செல்லும் வண்டியேறி, ஃபோஸ் என்னும் கழிமுகத்தை அடையலாம். மலையிலிருந்து உடன்வந்த ஆறு அங்கே கடலாகிறது.

கடற்கரையின் இரண்டு இரவுகளுக்கு அல்கார்வேயை நாட வேண்டியதில்லை. அது நாட்டின் மறுகோடி. போக ஒரு நாள், வர ஒரு நாள். போர்ட்டோவிலிருந்து புறநகர் இருப்பூர்தியில் சிறிது நேரத்திலேயே கிரான்ழா நிலையம்; கடற்கரை அருகிலேயே உள்ளது. 1919இல் போர்ட்டோவில் பிறந்த கவிஞர் சோஃபியா டி மெல்லோ பிரெய்னர் ஆந்திரேசன் சிறுவயதுக் கோடைகளைக் கழித்த கரை அது. கடலையே வாழ்நாள் பாடுபொருளாகக் கொண்ட அவர், 1999இல் கமோயன்ஸ் பரிசு பெற்ற முதல் போர்த்துக்கீசியப் பெண்மணி. அவர் மறைந்தது 2004இல். அக்கடலில் அலைவலி மிகுதி. சிவப்புக் கொடி ஏறியிருந்தால் நீரில் இறங்கலாகாது. மஞ்சள் கொடியெனில் நீந்தலாகாது.

விட்டவை

மகனின் பட்டியலில் நான்கு நின்றன, ஆறு நீங்கின. நீங்கியவற்றுள் எவோராவும் ஒன்று. உரோமர் காலத்துக் கோயிலின் தூண்கள் நிற்கும் நகர் அது. அதனைச் சூழ்ந்த அலென்தேஜோவும் ஒரு மதுநாடே. அதனை விடுவது எளிதன்று. ஆயினும், ஆற்றின் தொடரில் அதற்கு இடமில்லை. நல்ல வரி என்பதற்காகவே ஒரு வரியைப் பாட்டில் வைத்திருக்கும் கவிஞர் பாட்டைக் கெடுக்கிறார் என்பது இந்த அவையோர் அறியாததன்று. பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களில் ஒருவர் கவிதையை மற்றவர் திருத்தியபோதெல்லாம், சேர்த்த சொற்களைவிட நீக்கிய சொற்களே மிகுதியாக இருந்திருக்கும்.

முதற்பொருளைத் தேர்ந்துகொள்ளலாம், கருப்பொருளை அறிந்துகொள்ளலாம், உரிப்பொருளை மட்டும் எவரும் முன்பதிவு செய்ய இயலாது. நெய்தலுக்கு இரங்கலை உரிமையாக்கினர் தமிழ்ப் புலவர். போர்த்துக்கீசியரும் பிரிவின் ஏக்கத்துக்குச் ‘சவுதாதெ’ என ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அதனைக் கடலோடு சேர்த்தே பேசுவர். கிரான்ழாவின் கரையில் அந்த முதியவர்க்கு அப்போது என்ன தோன்றும் என்பதை எந்தத் திட்டமும் கூறாது. பெலேமில் காணக் கிடைக்காத ஏடு நினைவுக்கு வரலாம். வெளிநாட்டில் இருக்கும் மகன் நினைவுக்கு வரலாம். ஒன்றும் தோன்றாமலும் போகலாம்.

ஆசிரியர் எழுதி முடித்த தாளில் 14 கட்டங்கள். பன்னிரண்டில் வண்டி நேரமும் ஊர்ப்பெயரும் பார்க்க வேண்டியவையும் உள்ளன. இறுதி இரண்டைத் துணைவியாரிடம் கொடுத்து, “இதில் என்ன எழுதலாம்?” எனக் கேட்கிறார். அவர் பேனாவை வாங்கி, இரண்டு கட்டங்களையும் சேர்த்து ஒரே சொல்லை எழுதுகிறார்: ‘கடல்’.

அத்தாள் இப்போது திட்டமாகிவிட்டது.

வட்டம் வாழ்க, அதன் வழி நீள்க.